ராஜகிரியில் இறங்குமுகம்

செஞ்சிக்கோட்டை வரலாறு முழுக்க ஏறியவர்களின் கதைதான். 1677-இல் சிவாஜி பிடித்தார், 1750-இல் பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸி இரவோடிரவாகப் பிடித்தார் என்று பக்கம் பக்கமாக இருக்கிறது. பிடித்தவர்கள் எப்படிக் கீழே வந்து சேர்ந்தார்கள் என்பதற்கு ஒரு வரி கிடையாது. அந்தக் கோட்டையின் ராஜகிரி மலையிலிருந்து இறங்கியவன் என்ற தகுதியில் சொல்கிறேன்: எதையோ மறைக்கிறார்கள்.

ஏறுவதில் கௌரவம் கெடாது. சுமார் 800 அடி உயரம். மூச்சு வாங்கினால், வயல்வெளியை ரசிக்கிற பாவனையில் நின்றுகொள்ளலாம். உச்சிக்குக் கொஞ்சம் கீழே ஒரு பாறைப் பிளவு, அதன்மேல் பாலம். எதிரி வந்தால் அன்றைக்கு மரப்பாலத்தை எடுத்துவிடுவார்களாம். அதைத் தாண்டினால் நெற்களஞ்சியம், ரங்கநாதர் கோயில், ஜிலுஜிலுவென்று காற்று. வெற்றி வீரனாக ஒரு செல்ஃபி.

திரும்பி முதல் படியில் கால் வைத்ததும் தொடை தந்தியடிக்கத் தொடங்கியது. விஷயம் இதுதான். ஏறும்போது தொடைத் தசை சுருங்கி உடம்பைத் தூக்குகிறது. இறங்கும்போது அதே தசை நீண்டுகொண்டே உடம்பு விழாமல் பிடிக்க வேண்டும். தசைநார் அதிகம் நைந்துபோவது இந்த இரண்டாவது வேலையில்தான். மூச்சு வாங்காததால் நமக்குத் தெரிவதில்லை. வலியும் மரியாதை தெரிந்தது. ஒருநாள், இரண்டுநாள் கழித்துத்தான் முழுசாக வந்து உட்காரும்.

ஔரங்கசீப்பின் தளபதி ஜுல்ஃபிகர் கான் 1690 முதல் 1698 வரை இந்தக் கோட்டையை முற்றுகையிட்டான். இவ்வளவு தாமதத்துக்கு எதிரியோடு ரகசியப் பேச்சு என்று சந்தேகப்படுகிறார்கள். எனக்கென்னவோ, மனிதன் முழங்காலைப் பற்றி முன்கூட்டியே யோசித்திருப்பான் என்று தோன்றுகிறது.

சுவரைப் பிடித்து, பிறகு உட்கார்ந்தே நகர்ந்து, குரங்குகள் குடும்பத்தோடு வேடிக்கை பார்க்க வந்துகொண்டிருந்தேன். கமலக்கண்ணியம்மன் கோயிலுக்குச் செருப்பில்லாமல் ஏறிக்கொண்டிருந்த ஒரு பாட்டி நின்றார். "நேரா எறங்காத தம்பி. பக்கவாட்டுல காலை வெச்சி எறங்கு." சொல்லிவிட்டு மூச்சுகூட வாங்காமல் மேலே போய்விட்டார்.

அப்படியே நண்டு மாதிரி அடிவாரம் சேர்ந்தேன். டீக்கடைக்காரர் என் நடையைப் பார்த்து, "சார், இங்க டீ மட்டும்தான்" என்றார்.

திண்டிவனம் பஸ்ஸில் உட்கார இடமில்லை. கம்பியைப் பிடித்தபடி முன்னும் பின்னும் ஆடிக்கொண்டிருந்தேன். டிக்கெட் கிழித்தபடி வந்த கண்டக்டர் ஏற இறங்கப் பார்த்தார்.

"வண்டி இன்னும் எடுக்கவே இல்லையே சார்?"