ஹெரால்டுக்காரர்

பழைய கார் வைத்திருப்பவர்களில் பெரும்பாலானோர் பரம சாதுக்கள். அப்பா விட்டுப்போன வண்டியை விற்க மனம் வராமல் போர்ட்டிகோவில் துணி போர்த்தி நிறுத்தியிருப்பார்கள். சிலர் சினிமாக் கம்பெனிக்கு நாள் வாடகைக்கு விடுவார்கள். இவர்களால் அக்கம்பக்கத்துக்கு ஒரு தொந்தரவும் கிடையாது. தொந்தரவு, அந்த வண்டியை ஓட்டுகிறவரால்தான் வருகிறது. அவரிலும் உச்சம், சென்னையின் ஹெரால்டுக்காரர். அவரிலும் உச்சம், ஹெரால்டின் கூரையைக் கழற்றி 'ஓப்பன் டாப்' ஆக்கி வைத்திருப்பவர்.

அம்பாசடர்க்காரர் குடும்பத்தை ஏற்றிக்கொண்டு கோயிலுக்குப் போய் இருட்டுவதற்குள் வீடு திரும்பிவிடுவார். ஃபியட்காரர் கொஞ்சம் பம்பாய்த் தோரணை காட்டுவார், அதோடு சரி. ஹெரால்டுக்காரருக்கு ஊர்ப்பற்றும் சேர்ந்துகொள்கிறது. ஏனென்றால் ஸ்டாண்டர்டு ஹெரால்டு நம்மூர் வண்டி; 1961-லிருந்து வண்டலூர்ப் பக்கத்துத் தொழிற்சாலையில் செய்து வெளியே வந்தது. 948 சிசி இன்ஜின். உருவம் கொடுத்தவர் இத்தாலியின் ஜியோவன்னி மிக்கெலோட்டி. பெயர் இங்கிலாந்து டிரையம்ஃப் கம்பெனி வைத்தது. இத்தாலியும் இங்கிலாந்தும் மே மாதம் எப்படியிருக்கும் என்பது நமக்குத் தெரியும். வண்டலூர் மே மாதம் எப்படியிருக்கும் என்பது அவர்களுக்குத் தெரியாது. வந்த வினையெல்லாம் இதில்தான்.

கூரையைக் கழற்றும் யோசனைகூட வண்டியே கொடுத்ததுதான். ஹெரால்டுக்கு சேஸிஸ் தனி, பாடி தனி. கூரையை போல்ட் போட்டு மாட்டியிருப்பார்கள். ஸ்பானரும் சபலமும் இருந்தால் போதும், கூரை கையோடு வந்துவிடும். அதற்கப்புறம் வேகத்தடையில் ஏறி இறங்கும்போது இடது பக்கக் கதவு தானாகத் திறந்துகொள்ளும் என்பது கழற்றிய பிறகு தெரிகிற சங்கதி. அந்தக் கதவை ஒரு கையால் பிடித்துக்கொள்ள ஆள் வேண்டுமல்லவா? நண்பர்களை அவர் ஊர்சுற்றக் கூப்பிடுவது இங்கேதான் ஆரம்பிக்கிறது.

ஆள் எடுப்பதில் அவர் ரொம்பக் கறார். ஏ.சி. கார் வைத்திருக்கும் நண்பனைக் கூப்பிட மாட்டார். பாதி வழியில் ஒப்பிட்டுப் பேசுவான். வண்டி வேலை தெரிந்தவனையும் கூப்பிட மாட்டார், அபிப்பிராயம் சொல்வான். நல்ல தோள், பலமான முதுகு, மெக்கானிக் அறிவு பூஜ்யம், கோபம் வந்தாலும் விழுங்கிக்கொள்கிற சுபாவம், இத்தனையும் ஒருசேர அமைந்த ஆளைத்தான் தேர்ந்தெடுப்பார். நாற்பது வயதுக்கு மேல் உங்களை ஒருவர் அன்பாகக் காரில் கூப்பிடுகிறார் என்றால், அந்த வண்டிக்குப் புதுப்பேட்டையில் கிடைக்காத ஏதோ ஒரு பாகம் குறைகிறது, அது நீங்கள்.

நேரமும் அவர்தான் குறிப்பார். கத்திரி வெயில். ஏன் மார்கழியில் போகக் கூடாது? "டிசம்பர்ல திடீர்னு மழை வரும்டா. மேல ஒண்ணும் இல்ல, நனைஞ்சிடுவா." மே மாதம் மழை வராது என்கிற ஒரே நிம்மதியில், தமிழ்நாடே சன்னலைச் சாத்திக்கொண்டு படுத்திருக்கும் நாளில் அவர் புறப்படுகிறார். எங்கே? "செஞ்சி வரைக்கும் ஒரு ரவுண்டு. அஞ்சு மணிக்குக் கிளம்பினா எட்டு மணிக்குக் கோட்டை வாசல்ல டிபன்."

ஐந்து மணிக்கு அவர் தயார்தான். டிக்கியைத் திறந்து காட்டுவார். தண்ணீர் கேன்கள், தேங்காய்க் கயிறு, ஃபேன் பெல்ட் ஒன்று, எமரி பேப்பர், கண்டென்சர் இரண்டு, கிழித்து மடித்த பழைய வேட்டி, சலவை சோப்பு, மளிகைக்கடைப் பொட்டலத்தில் மஞ்சள் தூள். மஞ்சள் தூள் எதற்கு என்று கேட்டால் ரேடியேட்டர் ஒழுகினால் உள்ளே போட என்பார். சோப்பு, பெட்ரோல் டேங்க் கசிந்தால் அடைக்க. உங்கள் பைக்கு டிக்கியில் இடமில்லை. மடியில் வைத்துக்கொள்ள வேண்டும். ஒரு மடிதான், அதில்தான் இடது கதவின் கயிறும் வரப்போகிறது.

சோக்கை இழுப்பார், சாவியைத் திருப்புவார். இன்ஜின் இருமிவிட்டுப் படுத்துக்கொள்ளும். மறுபடி. மறுபடி. பால்காரர் நின்று வேடிக்கை பார்ப்பார். "செகண்ட்ல போட்டு வச்சிருக்கேன், லேசா ஒரு தள்ளு." லேசாக என்றால் தெருமுனை வரை. அதற்குள் வாசலில் வந்து நிற்கும் அவர் மனைவி அவரிடம் ஒரு வார்த்தை பேச மாட்டார், உங்களைப் பார்த்துத்தான் கேட்பார்: "அண்ணா, உங்க போன்ல சார்ஜ் இருக்கா?"

தாம்பரம் தாண்டும்போது மணி எட்டு. வண்டலூர் வந்ததும் வேகத்தைக் குறைப்பார் (குறைக்க அதிகம் இருக்காது). பழைய தொழிற்சாலை இருந்த பக்கம் கையைக் காட்டி, "இங்கதான்டா இவ பொறந்தா" என்பார். கூடவே, நாலு கதவு ஹெரால்டு உலகத்திலேயே இந்தியாவில் மட்டும்தான் வந்தது என்ற தகவலும் வரும். அது நிஜம்தான். ஆனால் அவருடையது இரண்டு கதவு வண்டி. அதில் ஒன்று உங்கள் கையில் இருக்கிறது.

இந்த இடத்தில் சட்டத்தைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். 2021-ல் மத்திய அரசு பழைய வண்டிகளுக்கென்று தனி விதி கொண்டுவந்தது. 50 வருஷம் தாண்டிய வண்டி, செய்தபோது இருந்த உருவம் மாறாமல் இருந்தால், 20,000 ரூபாய் கட்டி 'வி.ஏ.' எழுத்துப் போட்ட நம்பர் வாங்கிக்கொள்ளலாம். வாங்கிவிட்டால் அன்றாடம் ஓட்டக் கூடாது. கண்காட்சிக்கும், பேரணிக்கும், பெட்ரோல் போடுவதற்கும் எடுக்கலாம். நம்மவர் கூரையைக் கழற்றிவிட்டதால் உருவம் மாறாத வண்டி என்று சொல்லிக்கொள்ள வழியில்லை, அதில் அவருக்கு மனக்குறை. என்னைக் கேட்டால் வருத்தப்பட ஒன்றுமே இல்லை. அவர் வண்டி அந்த விதி வருவதற்கு முன்பிருந்தே அதற்குக் கட்டுப்பட்டுத்தான் நடக்கிறது: பெட்ரோல் போடப் போகும், திரும்பி வரும் வழியில் கண்காட்சியாக நின்றுவிடும்.

வெயில் ஏற ஏற ஓப்பன் டாப்பின் அருமை புரியத் தொடங்கும். கறுப்பு ரெக்ஸின் சீட்டில் ஒருமுறை உட்கார்ந்துவிட்டால் அசையக் கூடாது. அசைந்தால் தொடைக்குப் புதிய இடம், புதிய சூடு. அறுபதில் போகும்போது காற்று வரும், ஆனால் செங்கல் சூளைப் பக்கமிருந்து புறப்பட்ட காற்று. பக்கத்தில் ஏறும் லாரியின் புகை மிகச் சரியாக உங்கள் மூக்கு மட்டத்தில் வெளியேறும். கூரையை எடுக்கப் பணம் செலவழித்த மனிதர் இப்போது தலையில் ஈரத்துண்டு போட்டிருக்கிறார். ஜீப்புக்கு டாப் தைக்கும் கடையில் அளவு கொடுத்துத் தைத்த கான்வாஸ் பின்னால் மடித்துத்தான் கிடக்கிறது. "போட்டுக்கலாமாடா?" என்று கேட்டுப் பாருங்கள். "மூடிட்டா இதுக்கும் மத்த வண்டிக்கும் என்னடா வித்தியாசம்?"

பேச்சுத் துணைக்கு என்று வந்தீர்கள். திறந்த வண்டியில் அறுபது கிலோமீட்டர் வேகத்தில் பேச்சு கிடையாது. அவர் ஏதோ கத்துவார். நீங்கள் "என்ன?" என்று கத்துவீர்கள். அவர் "ஒண்ணுமில்ல" என்று கத்துவார். அவர் காதும் உங்களுக்கில்லை. கிர்ரென்றால் ஒரு முகம், டக்கென்றால் ஒரு முகம். வண்டி ஓடுகிற நேரமெல்லாம் அந்த மனிதர் பரிதாபமாகத்தான் இருக்கிறார்.

பேச்செல்லாம் பைக்கில் கூடவே வரும் பையன்களோடு. "சார், என்ன வண்டி?" பதில் சொல்ல வேகத்தைக் குறைப்பார். "எந்த வருசம்?" இன்னும் குறைப்பார். "மைலேஜ் எவ்ளோ குடுக்கும்?" அந்தக் கேள்விக்கு மட்டும் ஆக்ஸிலேட்டரை மிதிப்பார். "விக்கறீங்களா சார்?" என்று ஒருவன் கேட்டுவிட்டால் போதும், திண்டிவனம் வரைக்கும் முகத்தில் வெளிச்சம் இருக்கும்.

டோல்கேட்டில் கண்ணாடியில் ஒட்டிய ஃபாஸ்டேக்கை மெஷின் படிக்காது. முன்னே போ, பின்னே வா என்பார்கள். முன்னே போக முடியும். பின்னே வர, ரிவர்ஸ் கியர் விழ வேண்டும். பின்னால் ஹாரன் கச்சேரி. கடைசியில் ஊழியர் ஒருவர் கையடக்க மெஷினோடு இறங்கி வந்து, டேக்கைப் படிக்கும் முன் செல்ஃபி எடுத்துக்கொள்வார். நம்மவர் துண்டை எடுத்துவிட்டுத் தலை சீவிக்கொள்வார்.

மதுராந்தகம் ஏரி தெரியும் நேரத்தில் வண்டி நின்றுவிடும். நிற்க வேண்டிய இடம் அதுதான் என்று எங்கோ எழுதியிருக்கிறது போல. அப்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டும். அத்தனை நேரம் இருந்த கவலை ஒரே நொடியில் காணாமல் போய், கல்யாண வீட்டு மாமா ஆகிவிடுவார். சட்டைக் கையை மடிப்பார். ஹெரால்டின் பானட், மட்கார்டு, முன்விளக்கு எல்லாமாகச் சேர்ந்து முன்பக்கமாகக் கவிழ்ந்து திறக்கும். மொத்த இன்ஜினும் வெளிச்சத்துக்கு வந்துவிடும். அவர் போய் முன் டயரின் மேலேயே உட்கார்ந்துகொள்வார். "டயர் மேல உக்காந்து வேலை பாக்கற வசதி எந்தக் கோடி ரூபா வண்டில இருக்கு, சொல்லு." இல்லைதான். கோடி ரூபாய் வண்டிக்காரருக்கு டயர் மேல் உட்காரும் வேளை வருவதில்லை.

கூட்டம் சேரும். நுங்கு வெட்டுகிறவர் அரிவாளோடு வருவார். லாரி கிளீனர் கண்டென்சர்தான் என்று சத்தியம் செய்வார். "எங்க ஊரு டாக்டர் ஒருத்தர் இத வச்சிருந்தாரு" என்று ஒரு பெரியவர் கட்டாயம் இருப்பார். அந்த டாக்டர் கடைசியில் பஸ்ஸில் போய் வந்தார் என்பதையும் சொல்லாமல் விட மாட்டார். இதற்கு நடுவே புதுப்பேட்டை பாய்க்கு போன் போகும். "பாய் சத்தத்தைக் கேக்கணுமாம், கிட்ட காட்டு." சார்ஜ் இருக்கும் உங்கள் போனை ஸ்டெதஸ்கோப் மாதிரி இன்ஜின்மேல் நீங்கள் பிடித்திருக்க வேண்டும். ஃபேன் சுற்றிக்கொண்டிருக்கும் என்பதை நினைவில் வைப்பது நல்லது.

பாய் இரண்டு நொடியில் சொல்லிவிடுவார்: பம்ப் சூடு. இந்தச் சூட்டில் பெட்ரோல் குழாய்க்குள்ளேயே ஆவியாகிவிடுகிறது. பம்ப்புக்குப் பெட்ரோலைத் தள்ளத் தெரியும், ஆவியைத் தள்ளத் தெரியாது. கிழித்த வேட்டியை நனைத்து பம்ப் மேல் சுற்றிவிட்டுக் காத்திருப்பதுதான் வைத்தியம். நனைக்க, நீங்கள் குடிக்க வைத்திருந்த தண்ணீர். கேன் தண்ணீர் ரேடியேட்டருக்கு என்று ஏற்கெனவே ஒதுக்கியாகிவிட்டது. ரேடியேட்டர் மூடியின் பக்கம் யார் கை போனாலும் பாய்ந்து தடுப்பார், அது சரியான காரியம். மூடி அழுத்தி வைத்திருப்பதால்தான் உள்ளே தண்ணீர் நூறு டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் இருக்கிறது. திறந்தால் முகத்துக்கு நேராகப் பொங்கும். காத்திருக்கும் நேரத்தில், இப்போதெல்லாம் பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் கலக்கிறார்கள், பழைய ரப்பர் குழாய்க்கு அது ஆகாது என்று அரசாங்கத்தைத் திட்டுவார். லாரி கிளீனரும் சேர்ந்து திட்டுவார், அவர் டீசல் வண்டியாக இருந்தாலும்.

சாலையோரப் புளியமர நிழலில்தான் உங்களுக்கும் பேச்சுத் துணை கிடைக்கும். நுங்கை விரலால் நோண்டிக்கொண்டு, பழைய ஹாஸ்டல் கதை, பையனுக்குப் பெண் பார்க்கும் கதை, சர்க்கரை அளவு எல்லாம் பேசுவார். வீட்டு ஏ.சி. அறையில் கூப்பிட்டு உட்கார வைத்தால் செல்போனை நோண்டுகிற மனிதர்தான். வண்டி சரியாகிவிட்டதா என்று நடுநடுவே நீங்கள்தான் கேட்பீர்கள். அவருக்கு அவசரமில்லை.

செஞ்சியை எட்டும்போது பகல் ஒரு மணி. அந்த மலைகள் முழுக்கப் பாறை அடுக்கு. காலையிலிருந்து குடித்த வெயிலையெல்லாம் திருப்பித் தரும் நேரம். ராஜகிரி மேலே ஏறுவதா? அவர் வந்தது கோட்டை பார்க்க என்று யார் சொன்னது? மரத்தடியில் நிறுத்த மாட்டார், காக்காய் எச்சம் பெயிண்டைத் தின்றுவிடும். வெட்டவெளியில் நிறுத்தி, பின்னால் மலை வருகிற மாதிரி உங்களைப் படம் எடுக்கச் சொல்வார். உங்களோடு சேர்ந்து எடுத்துக்கொள்ள மாட்டார். வண்டியை மறைக்கும். பத்து நிமிஷத்தில் திரும்பிவிடலாம்.

திரும்புகிறபோது கிளட்ச் போய்விடும். ஈரத்துணி, மஞ்சள் தூள், சோப்பு மூன்றுக்கும் கட்டுப்படாத சமாசாரம் அது. ரெக்கவரி லாரி வரும். ஹெரால்டை மேலே ஏற்றிக் கயிறு கட்டுவார்கள். நீங்கள் இருவரும் டிரைவர் பக்கத்தில் நெருக்கி உட்கார்ந்துகொள்ள, வண்டி எண்பதில் பறக்கும். ஹெரால்டுக்கு அன்றைக்கு அதுதான் அதிக வேகம். அவர் கழுத்தைத் திருப்பிப் பின் கண்ணாடி வழியாக அதையே பார்த்துக்கொண்டு வருவார். டோல்கேட்டைத் தாண்டியதும் அவர் போன் சிணுங்கும். லாரியின் டேக்கோடு, காலையில் அத்தனை முறை காட்டியும் படிக்காத ஹெரால்டின் டேக்கையும் மெஷின் படித்துக் காசைக் கழித்துக்கொண்டிருக்கும்.

புகார் கொடுத்தால் பணம் திரும்ப வரும் என்று லாரி டிரைவர் சொல்வார். நம்மவர் கேட்க மாட்டார். போனை உங்கள் முகத்துக்கு நேராக நீட்டுவார்.

"பாத்தியாடா! கார்னு போட்டுக் கழிச்சிருக்கான். அப்ப ரெண்டு தரமும் டோல்கேட்டைத் தாண்டினதா ரிக்கார்டுல இருக்கா இல்லையா? என் பொண்டாட்டி கேட்டா இதைக் காட்டு."