ஹோர்ன் அடித்தால் விளக்கெரியும்

லேண்ட் ரோவர் பிறந்தது 1948இல். அதன் வயரிங் இன்னும் பிறந்துகொண்டே இருக்கிறது. இலங்கை மலையகத்து நோர்வூட் கராஜுகளுக்கு இதைவிட நிரந்தர வருமானம் வேறேது?

மின்பாகங்களைத் தந்த லூகாஸ் கம்பனியின் வண்ண ஒழுங்கு மிகத் தெளிவானது: பேட்டரியிலிருந்து வரும் வயர் பழுப்பு, எர்த் கறுப்பு. ஐம்பது, அறுபது வருட எண்ணெயும் அழுக்கும் ஏறியதும் இரண்டும் ஒரே நிறம். சமத்துவம்! ஏறத்தாழ 1967 வரை பேட்டரியின் பாசிட்டிவ் முனைதான் சேஸியோடு இணைந்தது, பிறகு நெகட்டிவ். எந்தக் காலத்து வண்டி என்பதைப் புகை வரும் இடத்தை வைத்தே கணித்துவிடலாம். சீரிஸ் டூவுக்கு பியூஸ் இரண்டே. எரிந்தால் சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாள். அது எரியாது, வண்டி வேண்டுமானால் எரியும்.

2020இல் அரசாங்கம் வாகன இறக்குமதியை நிறுத்தியபோது, பழையதையே ஒட்டுப்போட்டு ஓட்டும் இந்த மரபு தேசியக் கொள்கையாகவே உயர்ந்தது.

அண்மையில் ஒரு கராஜ் பாஸ், பழைய லேண்ட் ரோவர் ஒன்றின் வயரிங்கை முழுதாக மாற்றினார். ஹோர்ன் அடித்தால் ஹோர்ன் மட்டுமே ஒலித்தது. மூடுபனியில் விளக்கு எரிந்தது, வைப்பரும் ஆடியது.

சொந்தக்காரரின் முகம் வாடியது. "ஒரிஜினல் போயிருச்சே பாஸ், இனி யாரு விலை குடுப்பாங்க?"

"கவலைப்படாதீங்க சேர். ஒரு மழை வரட்டும்."