கள்ளிக்குள் தண்ணீர்ப் பானையா?

கேள்வி: பாலைவனத்தில் தாகமெடுத்தால் கள்ளியை வெட்டித் தண்ணீர் குடிக்கலாமாமே? சினிமாவில் குடிக்கிறார்களே!

பதில்: சினிமாவில் குடித்த கதாநாயகன் அடுத்த காட்சியில் குதிரை ஏறிவிடுவான். நிஜத்தில் குடித்தவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு புதர் தேடுவார்!

அரிசோனாவின் சொனோரா பாலைவனத்தில் 150 ஆண்டுக்கு மேல் வாழும் சகுவாரோ கள்ளியைப் பாருங்கள். மழை விழுந்ததும் மேல்மண்ணில் படர்ந்த வேர்கள் மளமளவென்று உறிஞ்சும். தண்டின் மடிப்புகள் ஆர்மோனியத் துருத்திபோல விரிந்து இடம் கொடுக்கும். இலைக்குப் பதில் முள். பகலெல்லாம் துளைகளை மூடிவைத்து, வெயில் தாழ்ந்த இரவில்தான் காற்றை உள்ளே இழுக்கும். என்ன ஒரு சிக்கனம்!

ஆனால் உள்ளே இருப்பது பானைத் தண்ணீர் அல்ல, வெண்டைக்காய்போல வழவழக்கும் சதை. பல கள்ளிகளின் சாற்றில் ஆல்கலாய்டுகளும் ஆக்சாலிக் அமிலமும் உண்டு. வாந்தியும் பேதியும் வந்தால் உடம்பில் மிச்சமிருக்கும் நீரும் போய்விடும். தாகத்தில் தவிப்பவருக்கு அதைவிடக் கொடுமை வேறில்லை. பீப்பாய்க் கள்ளியில் ஒரு வகை சற்றுத் தேவலை; அதுவும் குமட்டும்.

சொனோரா மண்ணின் பழங்குடிகளான தோஹோனோ ஓதாம் மக்களின் கண் சகுவாரோவின் பழத்தின்மேல்தான். கோடையில் நீண்ட கழியால் சிவந்த பழங்களைத் தட்டி இறக்கிப் பாகு காய்ச்சுவார்கள். அதைப் புளிக்கவைத்து, மழையை அழைக்கும் சடங்கில் ஊரே கூடிப் பருகும்.