காட்டுப்பூ பேக்கேஜ்

எங்கள் பக்கத்தில் வைகாசிக் கல்யாணத்துக்குப் பூத் தேர்ந்தெடுப்பது என்றொரு வேலையே இருந்ததில்லை. எது பூத்திருக்கிறதோ அது வரும். வைகாசியில் பூத்துக் குலுங்குவது மல்லி, ஆகவே மல்லி வரும். வெயில் ஏற ஏற மொட்டு வைக்கிற செடி அது. தை முகூர்த்தத்தில் கிலோ ஆயிரக்கணக்கில் விற்று மிரட்டுகிற அதே பூ, அக்னி நட்சத்திரத்தில் சீந்துவாரில்லாமல் மலிந்து சென்ட் ஆலைக்குப் போகும். கோடை லீவில் பெண்பிள்ளைகளுக்குப் பூச்சடை தைத்து, முதுகுக்குப் பின்னால் கண்ணாடி வைத்து ஸ்டூடியோவில் படம் எடுத்ததை நம் ரசனைக்குச் சாட்சியாக இப்போது எழுதுகிறார்கள். ரசனை பாதி, பூ மலிவு பாதி.

பெரியக்கா கல்யாணம் 1978 வைகாசியில் நடந்தது. கோவில்பட்டிப் பக்கம் கரிசல் கிராமம். பூ சங்கரன்கோவில் மார்க்கெட்டிலிருந்து வர வேண்டும். விடியுமுன் பறித்த மொட்டு, ஓலைப்பெட்டிக்குள் வாழையிலை விரித்து, மேலே ஈரத்துணி போட்டு, முதல் பஸ்ஸில் வந்தது. இன்ஜின் பெட்டிமேல் வைத்தால் சூட்டில் வழியிலேயே விரிந்துவிடும் என்று மாமா அதை மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தார். வேட்டி முழுக்க ஈரம். கண்டக்டர் பெட்டிக்கும் டிக்கெட் கேட்டாராம். திண்ணையில் பெண்கள் வாழைநாரை நனைத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்கள். இந்தப் பக்கம் ரெண்டு மொட்டு, அந்தப் பக்கம் ரெண்டு மொட்டு, ஒரு முடிச்சு. கை பூவில், வாய் ஊர்வம்பில்.

பூ அத்தனை தூரத்திலிருந்து வந்ததே தவிர, ஊரைச் சுற்றிப் பூவுக்குப் பஞ்சமில்லை. ஓடைக்கரையில் ஆவாரை மஞ்சள் மஞ்சளாக நிற்கும். புங்கமரத்தடியில் பொரி கொட்டினதுபோல் உதிர்ந்து கிடக்கும். கண்மாய்க்கரை வாகை ராத்திரியில் மணக்கும். தரிசு முழுக்க எருக்கு. இதில் ஒன்றுக்கும் கல்யாண வீட்டுக்குள் அனுமதி கிடையாது. சின்னப்பயல்கள் நாங்கள் ஆசையாக ஆவாரங்கொத்து ஒடித்து வந்து பந்தல்காலில் செருகினோம். "கல்யாண வீடால இது, களத்துமேடா?" என்று அத்தை பிடுங்கி எறிந்தாள். கூட ஒருவன் எருக்கங்கொத்து வேறு கொண்டுவந்திருந்தான். "வீட்ல எருக்கு மொளைக்கணும்னு நெனப்பா ஒனக்கு?" என்று அவனுக்கு முதுகில் ஒன்று விழுந்தது. எருக்கு முளைத்த வீடு என்றால் ஆள் அற்றுப்போன வீடு. எங்கள் ஊரில் அது வசவு.

அப்படியானால் அன்றைக்கு எந்தப் பூவுக்கு மரியாதை? பிளாஸ்டிக் பூவுக்கு. பம்பாயிலிருந்து வந்த சித்தப்பா ஒரு அட்டைப்பெட்டி நிறைய ரோஜா கொண்டுவந்தார். ரத்தச் சிவப்பு. ஒவ்வோர் இதழிலும் பனித்துளி மாதிரி ஒரு பசைச்சொட்டு ஒட்டியிருந்தது. நகத்தால் சுரண்டினாலும் வராது. டியூப் லைட்டுகளுக்கு நடுவே மணவறை உச்சியில் அது ஏறியது. வந்தவர்கள் மாப்பிள்ளையைப் பார்த்த கையோடு அதைத்தான் பார்த்தார்கள். ஒரு பாட்டி முகர்ந்தே பார்த்தாள். வெக்கையில் மல்லி மதியத்துக்குள் பழுத்துவிட, சிங்காரமாக நின்றது சித்தப்பா பூதான். கல்யாணம் முடிந்ததும் அம்மா அதைச் சீயக்காய் போட்டு அலசி, கண்ணாடி அலமாரியில் வைத்தாள். பிறகு தெருவில் எந்தக் கல்யாணமானாலும் அது போய்வந்தது. போய்வரும்போதெல்லாம் ஒரு ரோஜா குறைந்திருக்கும்.

ஆக, காட்டுப்பூவை அந்தக் காலத்தில் கொண்டாடினோம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். கொண்டாடினவர்கள் அதற்கும் ரொம்ப முந்தியவர்கள். அகநானூற்று 136ஆம் பாட்டின் கல்யாணப் பெண்ணுக்கு வாகை இலையும் அறுகின் முகையும் சேர்த்து வெண்ணூலில் கட்டிச் சூட்டுகிறார்கள். கபிலர் குறிஞ்சிப்பாட்டில் 99 பூக்களை அடுக்குகிறார். ஒன்றையும் எந்தப் பூக்கடையிலும் வாங்கவில்லை.

இப்போது அக்காவின் பேத்திக்குக் கல்யாணம். அதுவும் வைகாசி. சென்னைக்குத் தெற்கே கடலோர ரிசார்ட். "மல்லி எல்லாக் கல்யாணத்துலயும்தான் இருக்கு தாத்தா. எங்களுது வைல்ட் ஃபிளவர் தீம்" என்றாள். காட்டுப்பூ! மணப்பெண் வாயிலிருந்து அது வந்ததில் எனக்கு உச்சி குளிர்ந்தது. ஆவாரைக்கு விமோசனம் வந்துவிட்டது என்றே நினைத்தேன்.

டெக்கரேட்டர் தம்பி லேப்டாப்பைத் திறந்து காட்டினார். ஜிப்ஸி, ப்ளூ டெய்சி, கோல்டன் ராட், பாம்பாஸ்.

"இதெல்லாம் எந்தக் காட்டுல பூக்குது தம்பி?"

"ஓசூர்லேர்ந்து ஏசி வண்டில வரும் சார்."

பசுமைக்குடில் கூரைக்குக் கீழே, சொட்டுநீரும் மருந்தும் அளந்து வளர்த்து, கட்டுக் கட்டாகப் பெட்டியில் அடைத்து, குளிரறையில் வைத்து, பிறகு பச்சை ஸ்பாஞ்சில் செருகி, தானாக முளைத்ததுபோல் கலைத்துவிடுவதற்குத் தனிக் கூலி. பாம்பாஸ் தென்னமெரிக்கப் புல். மழைக்காலம் முடிந்ததும் எங்கள் கண்மாயில் வெள்ளைக் கதிர் நீட்டுகிற நாணலுக்குத் தூரத்துச் சொந்தம். காயவைத்து, சாயமேற்றி, வாடகைக்கு வருகிறது. "போன மாசம் வேற கல்யாணத்துல இருந்துச்சு சார், நீட்டா மெயின்டெயின் பண்றோம்" என்றார். அம்மாவின் சீயக்காய் ஞாபகம் வந்தது. சொல்லவில்லை.

மாநிலப் பூ என்று செங்காந்தளும் கேட்டாள் பெண். அது மழை விழுந்த பிறகு கிழங்கிலிருந்து கொடியோடி, ஐப்பசி வாக்கில் பூக்கிறது; வைகாசியில் மாநிலப் பூவுக்கு லீவு என்றேன். டெக்கரேட்டர் உடனே, "துணில பண்ணிரலாம் சார்" என்றார். சரக்கொன்றைக்கும் அதே பதில். கொன்றை தொட்டால் உதிரும், மாலையாகக் கட்டினால் நிற்காது. அதைத் துணியில் செய்வதில் ஒரு நியாயம் இருப்பதை நான் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த ரிசார்ட்டின் கார் நிறுத்துமிடத்தில் நிஜக் கொன்றை ஒன்று, இலையே தெரியாமல் பூத்து நின்றது. உள்ளே துணிச்சரத்தின் கீழே எல்லாரும் வரிசையில் நின்று படம் எடுத்துக்கொண்டிருக்க, வெளியே டிரைவர்கள் வைப்பரைப் போட்டுக் கண்ணாடிமேல் கிடந்த பூவைத் தள்ளிக்கொண்டிருந்தார்கள். "கறையாயிருமோ என்னமோ" என்று ஒருவர் தண்ணீர் ஊற்றிக்கூட அலசினார்.

ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை என்பார்கள். ஆலை வந்துவிட்ட ஊரில் இலுப்பைப்பூவுக்கு ஆர்கானிக் என்று பேர். விலை சர்க்கரையைப்போல் பத்து மடங்கு இருந்தாலும் ஆச்சரியமில்லை.

இதெல்லாம் போகட்டும். மாலை விஷயத்துக்கு வருகிறேன். செல்போனில் ஒரு படத்தைப் பெரிதாக்கிக் காட்டினாள் பேத்தி. தாய்லாந்துக் கல்யாண மாலை. வெள்ளை வெள்ளையாக, நடுவில் கிரீடம் வைத்த, மெழுகில் வார்த்தது மாதிரிப் பூ. அங்கே கல்யாணத்துக்கு இதைக் கோக்கிறார்கள், ஹவாய்த் தீவில் விருந்தாளியின் கழுத்தில் போடுகிறார்கள். டெக்கரேட்டர் யோசித்தார். "இம்போர்ட் பண்ணணும் சார். கெடச்சா ரேட் கூட வரும்."

அக்கா கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்து பார்த்தாள். "எருக்குல்லா இது!" என்றாள்.

"இல்லம்மா, இது வேற வெரைட்டி" என்றார் அவர், ரொம்ப மரியாதையாக.

ரிசார்ட் மதிலுக்கு அந்தப்புறம் அந்த வெரைட்டி ஆளுயரத்துக்கு நின்றது. நான் கையைக் காட்டினேன். பேத்தி ஓடிப்போய்ப் பார்த்தாள், படத்தோடு ஒப்பிட்டாள். முகம் வாடிவிட்டது. அவளுக்கு வேண்டியது அந்தப் பூதான். ஆனால் மதிலுக்குப் பின்னால் கிடைப்பதாக இருக்கக் கூடாது. கடைசியில் ஜிப்ஸி மாலைதான் போட்டார்கள். 1978இல் எருக்கை வாசலில் நிறுத்தியது வசவு, இப்போது நிறுத்தியது விலையின்மை. அத்தைக்காவது ஒரு காரணம் இருந்தது.

வைகாசியில் வீட்டில் கல்யாணம் வைத்திருப்பவர்கள் யாராவது இதைப் படித்தால், மாலைக்கு எருக்கையும் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். தடித்த இதழ், வெயிலில் சீக்கிரம் துவளாது. தும்பையும் கொன்றையும் அதற்குக் கிட்டே நிற்க முடியாது. மணம் வேண்டுமென்றால் கூடவே மகிழம்பூ கோத்துக்கொள்ளுங்கள், அது காய்ந்தாலும் மணக்கும். ஒன்று மட்டும். எருக்கைக் கிள்ளினால் பால் வடியும். நன்றாக அலசிவிட்டுக் கட்டுங்கள். கட்டுகிறவர்கள் கை கழுவாமல் கண்ணைக் கசக்கக் கூடாது. எருக்கம்பால் கண்ணுக்கு ஆகாது.