பால்கனித் திணை: ரோஸ்மேரி வாடும் படலம்

தொல்காப்பியர் திணையை ஏழாக வகுத்த காலத்தில் அடுக்குமாடிக் குடியிருப்பு இல்லை. எனவே பால்கனித் திணை விடுபட்டது. அதன் முதற்பொருள், ஆறடிக்கு மூன்றடி நிலமும் உச்சிவேளையில் மட்டும் எட்டிப்பார்க்கும் வெயிலும். கருப்பொருள், புறா, துணிக்கொடி, ஏசியின் வெளிப்பெட்டி, தொட்டியில் ரோஸ்மேரி. உரிப்பொருள் இரங்கல்.

இரங்கல் நெய்தலுக்கு உரியதன்றோ எனின், ஆம். ரோஸ்மேரியும் மத்தியதரைக் கடற்கரைக்காரிதான். கற்சரிவில், வறண்ட கோடையில் வளர்ந்தவள். இலையைத் திருப்பிப் பாருங்கள்: ஊசி போல ஒடுங்கி, ஓரம் உள்ளே சுருண்டு, அடியில் வெள்ளை ரோமம். ஈரத்தை வெளியே விடாத ஏற்பாடு இது. குறிஞ்சியிலும் பிழைப்பாள்; நீலகிரியில் பயிராகிறாள். சென்னைக்கு வந்தால்தான் சிக்கல்.

பெயரைப் பற்றிய பூசல் தீர்ந்துவிட்டது. 1753இல் லின்னேயஸ் ரோஸ்மேரினஸ் என்று தனி வீடு கொடுத்தார். 2017இல் வெளியான ஆய்வொன்று அவளைச் சால்வியா என்னும் கூட்டுக்குடும்பத்தில் சேர்த்தது. தொட்டி மாறவில்லை. தண்ணீர் ஊற்றுவது யார் என்ற பூசல்தான் தீரவில்லை.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. துளசியும் ரோஸ்மேரியும் ஒரே தாவரக் குடும்பம், பங்காளிகள். பாட்டி காலையில் துளசிக்கு ஊற்றிய சொம்பில் மீந்ததைப் பக்கத்துத் தொட்டியில் கவிழ்ப்பார். வேலைக்காரம்மா பத்து மணிக்குப் பரிதாபப்பட்டு ஒரு மக்கு. சாயங்காலம் வீட்டுக்காரர், ஆபீஸ் அலுப்பு தீர, பூவாளியோடு. நர்சரியிலிருந்து வந்த தென்னைநார்த் தூள் அத்தனையையும் குடித்து வைத்துக்கொள்ளும். கசிந்தது அடித்தட்டில் தேங்கும். வேர் மூச்சுமுட்டி அழுகும். அழுகிய வேர் நீரை உறிஞ்சாது. ஆகவே இலைநுனி காயும். காய்ந்த நுனியைக் கண்டதும் வீடே பதறி, இன்னொரு சொம்பு. நோயும் மருந்தும் ஒன்றாகவே இருக்கும் இவ்வகை மரணத்துக்கு ‘அன்புச் சாக்காடு’ என்று பெயரிடுகிறேன்.

அற்றேல் ஊற்றவே கூடாதா எனின், அன்று. விரலை மண்ணில் இரண்டு கணு இறக்குக; ஈரம் தட்டினால் சொம்பை உள்ளே கொண்டுபோய் வைக்க. தொட்டி மண்தொட்டியாகவும், கலவையில் பாதி பருமணலாகவும், அடியில் துளை அடைபடாமலும் இருக்க. அடித்தட்டை எடுத்து எறிக. வெயில் ஆறு மணி நேரமாவது வேண்டும்; பால்கனி வடக்குப் பார்த்ததாயின் மொட்டைமாடியே கதி. விதைக்கு அலைய வேண்டாம், முளைப்பு சொற்பம். தண்டை ஒடித்து நடுவதே வழக்கு.

இறந்த நாளைக் கணிப்பதும் எளிதன்று. உயிர் போன பிறகும் பல நாள் பச்சை மாறாது, தொட்டால் மணக்கும். ஆகவே நம்மூரில் பல ரோஸ்மேரிகள் காலமான பின்னரும் நீர் பெறுகின்றன. உதிரத் தொடங்கியதும் இலையை உருவி, கொதிக்கவைத்து, முடி வளரும் என்று தலையில் தெளித்துக்கொள்கிறார்கள். அதிலும் மீந்தது ஆறியபின், புதிதாக வாங்கிவந்த ரோஸ்மேரிக்கு.