அக்டோபர் 2: ஒரு தாளில் இடநெருக்கடி

தினசரி காலண்டர் தாளில் ராகு காலம், எமகண்டம், குளிகை, சூலம், சந்திராஷ்டமம், பன்னிரண்டு ராசிக்கும் ஆளுக்கொரு சொல் என எல்லாம் குடியேறிய பின், மிச்சமிருக்கும் சந்தில்தான் வரலாறு ஒண்டிக்கொள்ள வேண்டும். அந்தச் சந்து யாருக்கு என்பதே இவ்வாய்வின் பொருள். ஆய்வு எல்லை: அக்டோபர் 2.

கருதுகோள்: தேதி என்பது டவுன் பஸ் சீட், முதலில் துண்டு போட்டவருக்கே சொந்தம். காந்தி 1869-இல் போட்டுவிட்டார். 1904-இல் வந்து சேர்ந்த லால் பகதூர் சாஸ்திரி இன்றுவரை நின்றபடிதான் வருகிறார். பிரதமராக இருந்தவர் என்ற சலுகைகூட எடுபடவில்லை. (சாஸ்திரி பிறந்த அதே நாளில் இங்கிலாந்தில் பிறந்த நாவலாசிரியர் கிரகாம் கிரீன் இந்தப் பக்கமே எட்டிப் பார்க்கவில்லை. விவேகி.)

மூன்றாமவர் காமராஜர். 1964-இல் காங்கிரஸ் தலைவராக இருந்து சாஸ்திரியைப் பிரதமராக்க முன்நின்றவர், 1975-இல் காந்தி ஜெயந்தியன்றே காலமானார். கிண்டியில் காந்தி மண்டப வளாகத்திலேயே அவருக்கும் நினைவகம். கன்னியாகுமரியிலும் இருவர் மண்டபங்களும் அக்கம்பக்கம். தேதியின் நெருக்கடி மனைக்கும் தொற்றும் என்பது நம் துணைமுடிபு. ஆயினும் காமராஜருக்கு ஜூலை 15 கைவசம் உண்டு; பள்ளிகளில் கல்வி வளர்ச்சி நாள். சாஸ்திரிக்கு மாற்று ஏற்பாடு ஏதுமில்லை.

23 பேர் கூடினாலே இருவருக்கு ஒரே பிறந்தநாள் அமையப் பாதிக்கு மேல் வாய்ப்பு, இதில் வியக்க என்ன இருக்கிறது என்பர் கணிதர். உண்மைதான். அவர்கள் கணக்கில் லீவு வராது.

களச்சான்று: அக்டோபர் 1 மாலை, டாஸ்மாக் வாசல். மறுநாள் கடை அடைப்பு என்பதால், தேசப்பிதாவின் பிறந்தநாளை இவ்வளவு முன்னேற்பாட்டோடு நினைவில் வைத்திருக்கும் வேறொரு பிரிவினர் ஆய்வில் அகப்படவில்லை.

பெரியவர்கள் தமக்குள் அனுசரித்துப் போகிறார்கள், வம்பு திதியால்தான். காந்தி ஜெயந்தி ஆங்கிலத் தேதிக்குக் கட்டுப்பட்டது, விஜயதசமி நிலவுக்கு. 2006-இல் இரண்டும் ஒரே நாளில் வந்தன. 2025-இல் மறுபடி வந்து, ஒரு வியாழக்கிழமையில் இரண்டு விடுமுறைகள் ஒன்றாயின. இடைவெளி 19 ஆண்டுகள். சூரியனும் சந்திரனும் 235 சந்திர மாதங்களில் கணக்கு நேர்செய்துகொள்ளும் சுற்று அது. ஆக, அடுத்த இழப்பை 2044 வாக்கில் எதிர்பார்க்கலாம். அதற்குள் அக்டோபர் 3-ஐச் சாஸ்திரி பெயரில் விடுமுறையாக்கினால் அவருக்கும் உட்கார இடம், ஊழியருக்கும் நஷ்டஈடு. இப்பரிந்துரை ஊழியர் சங்கங்களின் மேலான பரிசீலனைக்கு.