தாங்கும் வரை தாங்கும்

மனுஷனுக்கு டென்ஷன் வரலாம். கண்ணுக்கே தெரியாத செல்லுக்கு என்ன டென்ஷன், வீட்டுக் கடனா? – கும்பகோணம் வாசகர்

அது ஒன்றுதான் இல்லை. ஆக்ஸிஜன் குறைந்தால் டென்ஷன், சூடு ஏறினால் டென்ஷன். மது, மருந்து, கிருமி, கதிர்வீச்சு, பட்டினி, அளவு மீறிய சாப்பாடு எல்லாமே டென்ஷன்தான். முதலில் சமாளித்துப் பார்க்கும். பிறகு தன்னையே மாற்றிக்கொண்டு பார்க்கும். அதற்கும் மேல் போனால் காயப்படும். காயத்திலும் திரும்பி வரக்கூடிய கட்டம் ஒன்று, வர முடியாத கட்டம் ஒன்று. ரத்தம் கெட்டது, நீர் கெட்டது என்று பொத்தாம்பொதுவாகப் பழி போட்டுக்கொண்டிருந்த மருத்துவத்தை, செல்லைப் பார்க்கச் சொல்லி 1858-இல் பெர்லினில் புத்தகம் போட்டவர் ருடால்ஃப் விர்ஹோ.

ஆறு மாதமாக ஜிம் போகிறேன். புஜத்தில் புது செல்கள் முளைத்திருக்குமா? – கோவை இளைஞர்

எண்ணிக்கை ஏறக்குறைய பழையதுதான், தம்பி. ஒவ்வொரு தசை நாரும் பருத்திருக்கிறது, அவ்வளவே. கையை மாவுக்கட்டில் ஒன்றரை மாதம் போட்டுப் பாருங்கள், அதே நார்கள் இளைத்துவிடும். எண்ணிக்கையும் பருமனும் சேர்ந்து கூடுவதைப் பார்க்க வேண்டுமானால் கர்ப்பப்பையைத்தான் பார்க்க வேண்டும்: சுமார் 70 கிராம் இருப்பது, பிரசவ நேரத்தில் ஒரு கிலோவைத் தாண்டும்.

ஜிம்முக்கே போகாமல் பருக்கும் தசை ஒன்று உண்டு. ரத்த அழுத்தம் எகிறியவரின் இதயம். எதிர்ப்பைத் தள்ளித் தள்ளி அதன் இடது கீழறைச் சுவர் தடித்துப்போகும். கண்ணாடி முன்னால் நின்று பெருமைப்பட அதில் எதுவும் இல்லை. தடித்த தசைக்கு ரத்தம் அதிகம் வேண்டும், ரத்தக் குழாய்களோ அந்த அளவுக்குப் பெருகுவதில்லை. ஒருநாள் அது தளர்ந்துவிடும்.

இருபது வருடமாகப் புகைக்கிறேன். காலையில் கொஞ்சம் இருமல், வேறொன்றும் இல்லை. உன் நுரையீரல் பழகிவிட்டது என்கிறார் நண்பர். – பெயர் வேண்டாமே, திருச்சி

நண்பர் சொல்வது உண்மை. பயப்பட வேண்டியதும் அதற்குத்தான். மூச்சுக்குழாயின் உள்சுவரில் நுண்ணிய மயிரிழைகள் கொண்ட உயரமான செல்கள் இருக்கும். தூசியையும் கிருமியையும் சளியில் ஒட்டவைத்து மேலே தள்ளுவது அவற்றின் வேலை. புகை தொடர்ந்தால் அந்த இடத்தில் தட்டையான, முரட்டு செல்கள் வந்து உட்காரும். இவை புகையைத் தாங்கும். ஆனால் மயிரிழை கிடையாது, தள்ளத் தெரியாது. தள்ள ஆளில்லாத சளியை நீங்கள் காலையில் இருமித் தள்ளுகிறீர்கள். இப்போது நிறுத்தினால் பழைய செல்கள் திரும்ப வாய்ப்பு உண்டு. நிறுத்தாவிட்டால், நுரையீரல் புற்றுநோயின் ஒரு வகை இந்தத் தட்டையான செல்களிலிருந்துதான் கிளம்புகிறது. நண்பரும் புகைப்பவர்தானே?

மாரடைப்பில் 'கோல்டன் ஹவர்' என்கிறார்களே. ஒரு மணி நேரத்தில் அப்படி என்ன குடி முழுகிவிடும்? – சேலம் வாசகி

முழுகுவது என்று நீங்கள் சொன்னது அப்படியே பொருந்துகிறது அம்மா. மழை நாளில் கரண்ட் போய், அபார்ட்மென்ட்டின் தரைத்தளத்தில் தண்ணீர் இறைக்கும் மோட்டார் நின்றுபோனால் என்ன ஆகும்? ரத்தம் நின்ற இதயச் செல்லில் நடப்பதும் அதுதான். ஆக்ஸிஜன் இல்லாமல் மைட்டோகாண்ட்ரியாவால் ஏ.டி.பி. என்ற எரிபொருளைப் போதுமான அளவு தயாரிக்க முடியாது. ஒரு நிமிடத்துக்குள்ளாகவே அந்தப் பகுதி சுருங்கி விரிவதை நிறுத்திவிடும். சோடியத்தை வெளியே தள்ளிக்கொண்டிருந்த பம்பு படுத்துவிடும். சோடியம் உள்ளே வர, கூடவே தண்ணீரும் வர, செல் ஊதும். ஆக்ஸிஜன் இல்லாமலே சர்க்கரையை உடைத்து ஒப்பேற்றப் பார்த்ததில் லேக்டிக் அமிலம் சேரும். கால்சியமும் புகுந்து, செல்லைத் தின்னும் நொதிகளை எழுப்பிவிடும்.

இதுவரைக்கும் கூட மோசமில்லை. ரத்தம் திரும்பினால் செல் பிழைத்துக்கொள்ளும். அந்தக் கெடு 20 முதல் 40 நிமிடம் வரைதான். அதற்குப் பிறகு மைட்டோகாண்ட்ரியா மீள முடியாமல் கெட்டு, மேலுறையும் கிழிந்தால் கதை முடிந்தது. மூளைச் செல்லுக்கு இந்தப் பொறுமைகூடக் கிடையாது, சில நிமிடங்கள்தான்.

நல்ல செய்தியும் இருக்கிறது. இதயச் சுவர் மொத்தமாக ஒரே நேரத்தில் சாவதில்லை. உள்பக்கத்தில் தொடங்கி வெளிப்பக்கமாக, சில மணி நேரத்துக்குப் பரவும். அதனால் தாமதமாகப் போனாலும் காப்பாற்ற ஏதாவது மிச்சம் இருக்கும், சீக்கிரம் போனால் நிறைய இருக்கும். 'கேஸ்தான், சோடா குடித்தால் சரியாகிவிடும்' என்று உட்கார்ந்திருக்கும் ஒவ்வொரு நிமிடமும் இந்தக் கணக்கில்தான் கழிகிறது.

என் அப்பாவுக்கு முதல் ரத்தப் பரிசோதனையில் ஒன்றுமில்லை என்றார்கள். சில மணி நேரம் கழித்து மறுபடி எடுத்தார்கள். பில்லை ஏற்றவா? – மதுரை வாசகர்

இந்த ஒரு விஷயத்தில் சந்தேகப்படாதீர்கள். ட்ரோபோனின் என்பது இதயத் தசைக்குள் இருக்க வேண்டிய புரதம். மேலுறை கிழிந்தால்தான் வெளியே கசியும், கசிந்தது ரத்தத்தில் கண்டுபிடிக்கும் அளவுக்குச் சேர நேரமாகும். சீக்கிரமே ஓடி வந்தவர்களுக்கு முதல் பரிசோதனை சுத்தமாக இருக்கலாம். உங்கள் அப்பா சரியான நேரத்துக்கு வந்திருக்கிறார்.

அடைப்பை எடுத்து ரத்தத்தைத் திறந்துவிட்டால் எல்லாம் பழையபடி ஆகிவிடுமா? – நெல்லை மாணவி

பெரும்பாலும் லாபம்தான், ஆனால் முழு லாபம் இல்லை. திடீரென்று வரும் ஆக்ஸிஜனே கொஞ்சம் செல்களைக் கெடுக்கும். வேறொரு வேடிக்கையும் உண்டு. அமெரிக்காவில் மரி, ஜென்னிங்ஸ், ரெய்மர் என்ற மூவர் 1986-இல் நாய்களின் இதயக் குழாயை ஐந்து ஐந்து நிமிடமாக நான்கு முறை அடைத்துத் திறந்தார்கள். பிறகு 40 நிமிடம் தொடர்ந்து அடைத்தார்கள். நேரடியாக 40 நிமிடம் அடைக்கப்பட்ட நாய்களோடு ஒப்பிட்டால், இவற்றுக்குச் செத்த தசை நான்கில் ஒரு பங்குதான். சிறு துன்பம் முன்கூட்டியே செல்லைத் தயார்படுத்தியிருக்கிறது. அதற்காக நெஞ்சு வலியைப் பயிற்சி என்று நினைத்து வீட்டிலேயே இருந்துவிட வேண்டாம்.

ஸ்கேனில் 'ஃபேட்டி லிவர்'. வாரக் கடைசியில் மட்டும்தான் குடிக்கிறேன். மறுநாள் தலைவலிக்குப் பாரசிட்டமால் போடலாமா? – சென்னை வாசகர்

உங்கள் வாரம் எந்தக் கிழமை முடிகிறது என்று சொல்லவில்லையே. கல்லீரல் செல்லில் கொழுப்புத் துளி சேர்வது திரும்பி வரக்கூடிய காயம். மது காரணமென்றால், நிறுத்திய சில வாரங்களிலேயே வடியத் தொடங்கும். தழும்பு விழுந்து இறுகிவிட்டால் அப்படி வடியாது. ரிப்போர்ட்டில் எஸ்.ஜி.பி.டி. என்ற கல்லீரல் நொதி ஏறியிருந்தால் செல்கள் கசிகின்றன என்று பொருள்.

பாரசிட்டமாலில் ஒரு சிறு பகுதியைக் கல்லீரல் விஷமாக மாற்றும். குளூட்டாதயோன் என்ற பொருள் அதை உடனே அடக்கும். அடிக்கடி குடிப்பவரிடம் அந்த விஷம் கூடுதலாக உருவாகும், குளூட்டாதயோன் கையிருப்போ குறைவு. ஆரோக்கியமான பெரியவருக்கே ஒரு நாள் உச்சவரம்பு 4 கிராம், அதாவது 500 மில்லிகிராம் மாத்திரை எட்டு. உங்களுக்கு அதுவும் அதிகம், டாக்டரிடம் கேட்டுவிட்டுப் போடுங்கள். அளவு மீறிப் போட்டவருக்கு முதல் நாள் பெரிதாக ஒன்றும் தெரியாமல் இருக்கலாம். அந்த நேரத்தில்தான் மாற்று மருந்து நன்றாக வேலை செய்யும். அறிகுறிக்காகக் காத்திராமல் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.

காய்ச்சல் அடிக்கும்போது செல்லுக்குள் புரதமெல்லாம் வெந்துவிடாதா? – ஈரோடு வாசகி

வேகாமல் பார்த்துக்கொள்ள ஆள் இருக்கிறது. இத்தாலியில் ஃபெருச்சியோ ரிட்டோசா பழ ஈக்களை வைத்து ஆராய்ந்துகொண்டிருந்தபோது, யாரோ பெட்டியின் சூட்டை ஏற்றிவிட்டார்கள். ஈயின் குரோமோசோம்களில் வழக்கமில்லாத இடங்களில் வீக்கம். அங்கிருந்த ஜீன்கள் விழித்துக்கொண்டிருந்தன. 1962-இல் இது அச்சானது. சூட்டில் மடிப்புக் குலைந்த புரதங்களைப் பிடித்து மறுபடி சரியாக மடித்துவிடும் புரதங்களை அந்த ஜீன்கள் தயாரிக்கின்றன என்று பின்னால் புரிந்தது. பாக்டீரியா முதல் நாம் வரை எல்லோரிடமும் இவை உண்டு. சூட்டை ஏற்றியவருக்கு ஒரு நன்றி பாக்கி.

16 மணி நேரம் பட்டினி கிடந்தால் செல் தன் குப்பையைத் தானே தின்னும், அதற்கு நோபல் கொடுத்தார்கள் என்று வாட்ஸ்அப்பில் வந்தது. – தஞ்சை வாசகர்

2016-இல் கொடுத்தார்கள், ஜப்பானின் யோஷினோரி ஓசுமிக்கு. அவர் பட்டினி போட்டது ஈஸ்ட்டை. 16 மணி நேரக் கணக்கு வாட்ஸ்அப்பின் சொந்தக் கண்டுபிடிப்பு.

சில செல்கள் தாமாகவே செத்துப்போகுமாமே, அவ்வளவு விரக்தியா? – புதுச்சேரி வாசகி

விரக்தி இல்லை, ஒழுங்கு. கருவில் உங்கள் விரல்களுக்கு நடுவே இருந்த சவ்வுச் செல்கள் இப்படிப் போனதால்தான் விரல்கள் பிரிந்தன. ஒரு மில்லிமீட்டர் நீள உருளைப்புழு ஒன்றில் உருவாகும் 1,090 உடல் செல்களில் 131 செல்கள் சொல்லிவைத்தாற்போல் சாகின்றன. அதை எண்ணி ஆராய்ந்த மூவருக்கு 2002-இல் நோபல். காயத்தில் சாகும் செல் வெடித்துச் சிந்தி, அக்கம்பக்கத்தில் வீக்கத்தைக் கிளப்பிவிடும். தானாகச் சாகும் செல்லோ தன்னைச் சிறு பொட்டலங்களாகக் கட்டிக்கொடுக்கும், பக்கத்து செல்கள் சத்தமில்லாமல் தின்றுவிடும். டி.என்.ஏ. சரிசெய்ய முடியாமல் சிதைந்த செல் இந்த வழியில் போவதுதான் நமக்குப் பாதுகாப்பு. போக மறுத்துப் பெருகுவது புற்றுநோய். அந்த உத்தரவைப் போடும் முக்கியமான ஜீன், பி53. யானைக்கு அதில் இருபது பிரதிகள் இருக்கின்றன. அவ்வளவு பெரிய உடம்புக்கு யானையிடம் புற்றுநோய் குறைவாக இருப்பதற்கு இது ஒரு காரணம் என்கிறார்கள்.

அடுத்த ஜென்மத்தில் எந்த செல்லாகப் பிறக்க ஆசை? – அதே புதுச்சேரி வாசகி

சிவப்பணு. 120 நாள்தான் ஆயுள், ஆனால் உட்கரு இல்லை, மைட்டோகாண்ட்ரியா இல்லை, உடம்பு முழுக்க இலவசச் சுற்றுலா.